அமிலக் கரைசலிலிருந்து தங்கம்: மாசின்றி மீட்கும் வழியும் அதன் விலையும்

தங்கச் சுரங்கம் என்றவுடன் கோலார் தங்க வயலே நம் நினைவுக்கு வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி, 800 டன்னுக்கு மேற்பட்ட தங்கத்தை நாட்டுக்கு அளித்த அச்சுரங்கம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது. ஆழம் கூடக்கூடச் செலவு மிகுந்ததும், ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கம் சில கிராமாகக் குறைந்ததுமே இதற்குக் காரணங்கள். அதே உலோகம் இன்று வேறோர் இடத்தில், பாறையில் கண்டறியாத செறிவில் கிடக்கிறது. மின்கலம் நீக்கப்பட்ட பழைய கைப்பேசிகள் ஒரு டன்னில் ஏறத்தாழ 340 கிராம் தங்கமும், மூன்றரைக் கிலோ வெள்ளியும், 140 கிராம் பல்லேடியமும், 130 கிலோ செம்பும் உள்ளன என்று ஐரோப்பிய உருக்காலை வல்லுநர்கள் 2000-களில் கணக்கிட்டனர். பிற்காலக் கருவிகளில் தங்கப் பூச்சு மெலிந்து வருவதால் இவ்வளவு குறையக்கூடும். அப்படிக் குறைந்தாலும், சுரங்கப் பாறையைவிட இது பன்மடங்கு வளமானது.

நமது நாடு 2024-25ஆம் நிதியாண்டில் தங்க இறக்குமதிக்கென ஏறத்தாழ 5,800 கோடி டாலர் செலவிட்டது. மறுபுறம், 2021-22இல் நாட்டில் உண்டான மின்னணுக் கழிவு 16.01 இலட்சம் டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்துப் பதப்படுத்தப்பட்டது 5.27 இலட்சம் டன் என்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மதிப்பிட்டது. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து, கழிவிலிருந்தே நம் தங்கத் தேவையை நிறைவு செய்துவிடலாம் என்று கூறுவோர் உளர். அது மிகைக் கூற்று. கழிவில் உள்ள தங்கம் முழுவதையும் மீட்டாலும் அது இறக்குமதியில் சிறு பகுதியே ஆகும். நாம் கவலை கொள்ள வேண்டியது அன்னியச் செலாவணியைப் பற்றி மட்டுமன்று. பதிவேட்டில் வராத அந்த மூன்றில் இரண்டு பங்குக் கழிவின் மின்சுற்று அட்டைகள் எந்தத் தொட்டியில் கரைக்கப்படுகின்றன, அத்தொட்டியின் நீர் எங்கே சென்று சேர்கிறது, அதன் ஆவியை யார் சுவாசிக்கின்றனர் என்பனவே வினாக்கள்.

சந்துகளில் ஓர் உலோகவியல்

உத்தரப் பிரதேசத்தில் இராமகங்கை ஆற்றின் கரையில் அமைந்த மொராதாபாத், பித்தளை நகரம் என்று பெயர் பெற்றது. உலோகத்தை உருக்கவும் பிரிக்கவும் தலைமுறைகளாகக் கற்ற கைகள் அங்கே உண்டு. பித்தளைத் தொழில் நலிந்தபோது அக்கைகளுள் பல மின்னணுக் கழிவின் பக்கம் திரும்பின. தில்லியின் சீலம்பூரில் பிரித்தெடுக்கப்படும் அட்டைகள் மொராதாபாத் சென்று சேர்வதையும், எரித்த அட்டைகளின் கரிய சாம்பலை ஆற்று நீரில் அலசி உலோகத் துகள்களைப் பிரிப்பதையும் சுற்றுச்சூழல் அமைப்புகள் 2010-களில் விரிவாகப் பதிவு செய்தன. கரையில் குவிந்த சாம்பல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் பார்வைக்கும் சென்றது. தடை விதிக்கப்பட்ட இடத்தில் இத்தொழில் மறைந்துவிடுவதில்லை. அடுத்த ஊருக்கு நகர்கிறது என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

இச்சிறு பட்டறைகளின் செய்முறை எளியது. அட்டையைச் சூடாக்கிப் பற்றாசு உருகியதும் சில்லுகளைப் பெயர்த்தெடுப்பர். தங்கப் பூச்சுள்ள இணைப்பு முனைகளைத் தனியே வெட்டுவர். வெள்ளியும் செம்பும் நைட்ரிக் அமிலத்தில் கரையும்; தங்கம் கரையாது. தங்கத்தைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம் வேண்டும். கரைந்த தங்கத்தை அன்னபேதியோ வேறோர் ஒடுக்கும் பொருளோ இட்டு வீழ்படிவாக்குவர். பழுப்புநிறத் தூளாக அடியில் தங்குவதே தங்கம். மேலே நிற்கும் பச்சை நீரில் செம்பு, நிக்கல், ஈயம், வெள்ளீயம் யாவும் உள்ளன. அது சாக்கடைக்குச் செல்கிறது. கரைக்கும் வேளையில் எழும் பழுப்பு நிறப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதைச் சுவாசித்தவர் அன்று நலமாகவே இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலுக்கு உள்ளாவது மருத்துவம் அறிந்த உண்மை.

இம்முறையின் மாசு பற்றிப் பலர் எழுதியுள்ளனர். அதன் வீண்செலவு பற்றி எழுதியோர் குறைவு. பெங்களூருவின் சிறு பட்டறைகளை 2000-களில் ஆராய்ந்தோர், அட்டையில் இருந்த தங்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பட்டறைக்காரரின் கைக்கு வருவதாகக் கண்டனர். கண்ணுக்குத் தெரியும் பூச்சுத் தங்கத்தை மட்டும் அவர் உரிக்கிறார். சில்லுக்குள் முடியினும் மெல்லிய இழையாக ஓடும் தங்கக் கம்பியும், பீங்கான் மின்தேக்கிகளில் படலமாக உள்ள பல்லேடியமும் சாம்பலோடு போகின்றன. அன்னபேதிக்கு அகப்படாமல் நீரில் தங்கிவிடும் சிறு அளவும் சாக்கடையில் கலக்கிறது. நவீன உருக்காலைகளோ நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கை மீட்டுவிடுகின்றன. ஆகவே ஆற்றை மாசுபடுத்தி ஈட்டப்படும் இந்த வருமானம், உண்மையில் கைநழுவிய முக்கால் பங்குச் செல்வத்தின் எச்சமே எனலாம்.

இறால் ஓடும் மரப்பட்டையும்

அமிலக் கரைசலில் தங்கம் எவ்வுருவில் உள்ளது என்பதை அறிந்தால், அதை மாசின்றிப் பிரிக்கும் வழி விளங்கும். இராஜ திராவகத்தில் ஒரு தங்க அணு நான்கு குளோரின் அணுக்களோடு கூடி எதிர்மின்னூட்டம் பெற்ற அயனியாக நிற்கிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் இவ்வாறே குளோரினோடு கூடி எதிர்மின்னூட்டம் கொள்கின்றன. செம்பு, நிக்கல், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் பெரும்பகுதியோ நீர்த்த அமிலத்தில் நேர்மின்னூட்டத்துடன் உலவுகிறது. ஆகவே நேர்மின்னூட்டம் தாங்கிய ஒரு திடப்பொருளை அக்கரைசலில் இட்டால், உயர் உலோகங்கள் அதன்மீது சென்று ஒட்டும். மலிவான உலோகங்கள் நீரிலேயே நின்றுவிடும். வேதியியலார் இதனைப் பரப்புக் கவர்ச்சி என்பர்.

இப்பணியைச் செயற்கைப் பிசின்கள் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. அவற்றின் விலையும், பெட்ரோலியத்தை மூலமாகக் கொண்ட உற்பத்தியும் ஆய்வாளரை உயிரினக் கழிவுகளின் பக்கம் திருப்பின. அவற்றுள் முதன்மையானது கைட்டோசான். இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டின் என்னும் பொருளைக் காரத்தில் வேகவைத்து இதனைப் பெறுகின்றனர். கைட்டோசானில் உள்ள அமைன் தொகுதிகள் அமிலத்தில் புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறுகின்றன. தங்க அயனி நாடிவரும் இடம் அதுவே. கைட்டோசானுக்கு ஒரு குறை உண்டு: அது தானே அமிலத்தில் கரையும் இயல்புடையது. அதனால் குளூட்டரால்டிஹைடு போன்ற பொருளால் அதன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துக் கரையாத மணிகளாக்கிப் பயன்படுத்துகின்றனர். இறால் ஏற்றுமதியில் முன்னணியில் உள்ள நம் நாட்டில் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டோசான் தயாரிக்கும் முறையைப் பல்லாண்டுகளுக்கு முன்பே உருவாக்கித் தொழில்முனைவோர்க்கு அளித்துள்ளது.

மற்றொன்று டானின், அதாவது துவர்ப்புப் பொருள். இதன் செயல் இன்னும் வியப்புக்குரியது. டானினில் உள்ள பீனால் தொகுதிகள் தங்க அயனியைக் கவர்வதோடு நில்லாமல் எலக்ட்ரான் அளித்து அதனை உலோகத் தங்கமாகவே ஒடுக்கிவிடுகின்றன. பொன் துகள்கள் கண்ணெதிரே திரண்டு நிற்கும். ஒடுங்கிய தங்கம் பரப்பை விட்டு விலகித் திரள்வதால், டானின் கூழ்மம் தன் எடையையும் விஞ்சிய தங்கத்தைப் பிடிக்க வல்லது. செம்பு, இரும்பு, துத்தநாகம் இவ்வாறு ஒடுங்குவதில்லை. ஜப்பானின் சாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீமைப் பனிச்சையின் துவர்க் கழிவிலிருந்து இத்தகைய கூழ்மத்தை உருவாக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலில் தங்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மீட்டுக் காட்டினர். அப்பழத்தின் உறவு மரமே நம் பனிச்சை. வங்காளத்தில் காப் என வழங்கும் அதன் காய்ச்சாற்றைப் படகுக்கும் மீன் வலைக்கும் பூசி உரமேற்றும் வழக்கம் பழமையானது. அத்துவர்ப்பைப் பொன்னுக்கும் ஆய்ந்து பார்ப்பதில் பிழையில்லை. சீகை மரப்பட்டையின் டானினும் தங்கத்தை இவ்வாறே ஒடுக்குவதாக வேறு ஜப்பானிய ஆய்வுகள் காட்டியுள்ளன. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்து நிற்கும் சீகை, தோல் பதனிடுதலுக்கென ஒரு காலத்தில் பட்டை உரிக்கப்பட்ட மரம் என்பதை மாணவர்கள் அறிவர்.

இவையன்றி வேறு வழிகளும் உருவாகி வருகின்றன. 2013இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார், மாவுப் பொருளிலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் தங்க உப்புடன் கூடி நுண்ணிய ஊசிகளாகப் படிவதைத் தற்செயலாகக் கண்டனர். 2024இல் சூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தார், பாலாடைக்கட்டி தயாரிப்பில் எஞ்சும் நீரின் புரதத்தைக் கொண்டு பஞ்சு போன்ற பொருளை உண்டாக்கி, 20 கணினித் தாய் அட்டைகளிலிருந்து 450 மில்லிகிராம் எடையுள்ள பொற்கட்டியைப் பெற்றனர். அது 22 காரட் தரம் உடையது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உயிரினக் கழிவிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சுற்றுச்சூழலுக்கு உகந்தது ஆகிவிடாது. கைட்டோசான் தயாரிக்க ஓட்டின் சுண்ணத்தை நீக்க அமிலமும், பின்னர் செறிந்த எரிசோடாவும் வேண்டும். அக்கழிவு நீரையும் யாரோ நடுநிலைப்படுத்த வேண்டும். தங்கம் படிந்த கூழ்மத்தைச் சுட்டுத் தங்கத்தை எடுப்பதே எளிய வழி. அதனால் கூழ்மம் ஒரு முறைக்கே பயன்படும். தயோயூரியாக் கரைசலால் கழுவியெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம் என்றால், தயோயூரியாவும் தீங்கற்றதன்று. தங்கம் நீங்கிய பின்பும் கரைசலில் செம்பும் நிக்கலும் ஈயமும் அமிலமும் அப்படியே உள்ளன. செம்பை மின்பகுப்பால் எடுத்து, மீதியைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கி, படிந்த சேற்றைப் பாதுகாப்பான குழியில் இட்டால்தான் பணி முடிகிறது. ஆய்வுக் கட்டுரைகள் பல, தங்கம் பிரிந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. திட்ட அறிக்கை எழுதுவோர் அங்கே நிற்கலாகாது.

பின் இதன் பயன் என்ன?

உருக்காலை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மீட்குமானால், இறால் ஓட்டையும் மரப்பட்டையையும் நாடுவானேன் என்று கேட்கலாம். இவ்வினாவுக்கான விடை, வேதியியலைக் காட்டிலும் பொருளியலைச் சார்ந்தது.

பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் உள்ளதைப் போன்ற ஒருங்கிணைந்த உருக்காலை ஆண்டுக்கு இலட்சக்கணக்கான டன் மூலப்பொருளை உட்கொள்வது. அதன் புகை வடிகட்டும் அமைப்பு மட்டுமே பெருமுதலை விழுங்கும். அத்தகைய ஆலையை நிறுவுவதற்கு முன், அதற்கு வேண்டிய அட்டைகள் தவறாது வந்து சேரும் என்ற உறுதி தேவை. நம் நாட்டில் கழிவு, பல்லாயிரம் காயலான் கடைகளில் சிதறிக் கிடக்கிறது. பரப்புக் கவர்ச்சி முறைக்கு உலை வேண்டா. கரைசலில் பத்து இலட்சத்தில் சில பங்கே தங்கம் இருப்பினும் அது பிடித்துவிடும். நாளொன்றுக்குச் சில நூறு கிலோ அட்டைகளைக் கையாளும் சிறு நிலையத்தையும் நடத்த இயலும். தோல் பதனிடும் தொழிலில் இராணிப்பேட்டை, வேலூர்ப் பகுதிகளில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சிறு ஆலைகள் கூட்டாக அமைத்த அனுபவம் நமக்கு உண்டு. அதன் குறைகளும் நமக்குத் தெரியும். மொராதாபாத்துக்கு அருகே அத்தகைய பொது நிலையம் ஒன்று அமையுமானால், அமிலம் சந்தைவிட்டு நீங்கி, புகை உறிஞ்சும் கூண்டுக்குள் செல்லும். பிரிப்பவரின் பிழைப்போ அவ்வூரிலேயே இருக்கும். கைட்டோசான் மணிகளைப் பட்டறைக்காரரிடமே கொடுத்துவிடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. அதை ஏற்பதற்கில்லை. மணிகள் தங்கத்தைப் பிடிக்கும். பழுப்புப் புகையைப் பிடிக்கமாட்டா.

சட்டத்தின் போக்கும் இதற்கு இடமளிக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 106 வகைப் பொருள்களை உள்ளடக்கின. உற்பத்தியாளர் தம் பொறுப்பை நிறைவேற்றியதற்கான சான்றிதழை, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் உண்மையில் மீட்ட தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் அளவைக் கொண்டே பெற முடியும். எடை மட்டும் காட்டிச் சான்றிதழ் பெற்ற காலத்தைவிட இது முன்னேற்றம். 2024இல் செய்யப்பட்ட திருத்தம், அச்சான்றிதழ்களின் பரிமாற்ற விலைக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் விதிக்க வழிசெய்தது. பிளாட்டினத் தொகுதி உலோகங்கள் 2023இல் அறிவிக்கப்பட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் உள்ளன. கழிவிலிருந்து முக்கியக் கனிமங்களை மீட்போர்க்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மாலையில் கைக்கு வரும் பொன்

இவ்வளவு இருந்தும் அட்டைகள் ஏன் சந்துக்கே செல்கின்றன? நான்கில் ஒரு பங்குத் தங்கத்தை மட்டும் பெறும் பட்டறைக்காரர், முழுமையாக மீட்கும் ஆலையைவிட உயர்ந்த விலை எவ்வாறு தருகிறார்? கழிவுநீர்ச் செலவையும் நோய்ச் செலவையும் அவர் ஏற்பதில்லை, அவற்றை ஆறும் அண்டை வீட்டாரும் அவர் குடும்பமுமே ஏற்கின்றனர் என்பது பாடநூல் கூறும் விடை. அது சரியே, ஆயினும் முழுமையன்று.

காலையில் அட்டைகளைக் கொண்டுவரும் சிறு வணிகர், அவற்றில் எவ்வளவு பொன் உள்ளது என்பதை அறியார். ஆலைக்கு அனுப்பினால், அட்டைகளை அரைத்து, மாதிரி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் சோதித்து, பின்னரே விலை வகுப்பர். சோதிப்பவரும் ஆலையார், வாங்குபவரும் ஆலையார். முடிவு சரியா என்று சரிபார்க்க வணிகருக்கு வழியில்லை. பணம் வருவதற்கு வாரங்கள் ஆகும். அதுவரை கடன் கொடுத்தவர் பொறுக்கமாட்டார். சந்திலோ மாலைக்குள் பொன் கண்ணெதிரே நிற்கிறது. அதை நிறுத்துப் பார்க்கலாம். நகைக்கடைத் தெருவில் அன்றே விற்கலாம். அமிலத் தொட்டி அவருக்கு ஆய்வுக்கூடமாகவும் வங்கியாகவும் இருக்கிறது. இவ்விரு பணிகளையும் வேறொருவர் செய்து தராதவரை, எத்துணைத் தூய தொழில்நுட்பமும் மூலப்பொருள் இன்றிக் காத்துக் கிடக்கும். பெங்களூருவில் சிறு பிரிப்பாளரின் அட்டைகளை அமிலத்தில் இடாமல் பெல்ஜிய உருக்காலைக்கு அனுப்பும் முன்னோட்டம் 2000-களில் நடந்தது. கூடுதல் தங்கம் கிடைத்தபோதும், அப்பணம் வந்து சேரும்வரை இடைக்காலத்தைத் தாங்கும் முதல் சிறு வணிகரிடம் இருப்பதில்லை என்பதே அத்தகைய முயற்சிகள் எதிர்கொள்ளும் இடர்.

நகைத் தொழிலில் இதையொத்த ஐயப்பாட்டை நாம் ஓரளவு தீர்த்திருக்கிறோம். 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட தர முத்திரை முறையில், நகையின் தூய்மையை விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் சோதிக்கிறார். மின்சுற்று அட்டைக்கும் அத்தகைய பொதுச் சோதனை மையங்கள் தேவை. வகைவகையாகப் பிரித்த அட்டைகளுக்கு, கைப்பேசி அட்டை இவ்வளவு, கணினித் தாய் அட்டை இவ்வளவு, தொலைக்காட்சி அட்டை இவ்வளவு என வாரந்தோறும் தங்க விலையையொட்டி அடிப்படை விலை அறிவிக்கலாம். அவ்விலையில் பெரும்பகுதியை ஒப்படைத்த அன்றே வங்கிக் கணக்கில் செலுத்தி, எஞ்சியதைச் சோதனைக்குப்பின் தரலாம். ஊக்கத்தொகையின் ஒரு பகுதியை இயந்திரம் வாங்க அளிப்பதற்கு மாறாக இந்த இடைக்கால முதலுக்கு ஒதுக்கினால், ஒவ்வொரு ரூபாயும் கூடுதலான அட்டைகளைச் சந்திலிருந்து ஈர்க்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அலுவலர்கள் இதில் வெறும் பார்வையாளர் அல்லர். பல்லாண்டுகளுக்கு முன், இக்கட்டுரையாளர் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் பழுதடைந்த கணினிகளை ஏலமிட்டனர். எதிர்பார்த்ததைவிட உயர்ந்த தொகை வந்தது குறித்துக் கோப்பில் மனநிறைவு தெரிவிக்கப்பட்டது; அக்குறிப்பில் இக்கட்டுரையாளரும் ஒப்பமிட்டார். உயர்ந்த விலை கேட்டவர் அக்கணினிகளை என்ன செய்வார் என்று எவரும் வினவவில்லை. அதிக விலை கேட்பவருக்கே பொருள் என்ற நிதி விதியை நாங்கள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தோம். இன்றைய விதிகளின்படி, பெருமளவில் பயன்படுத்தும் அலுவலகங்கள் தம் மின்னணுக் கழிவைப் பதிவு பெற்றோரிடமே ஒப்படைக்க வேண்டும். ஏல அறிவிப்பில் பதிவு எண்ணைக் கேட்பதோடு நில்லாமல், எடுத்துச் சென்ற அட்டைகளிலிருந்து எத்தனை கிராம் தங்கமும் பல்லேடியமும் மீட்கப்பட்டன, எஞ்சிய அமிலக் கரைசல் எந்த நிலையத்தில் நடுநிலையாக்கப்பட்டது என்ற கணக்கை ஆறு மாதத்துக்குள் தருமாறும் ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். நூறு கணினிகளின் தாய் அட்டைகளில் இருக்க வேண்டிய தங்கம் ஏறத்தாழ எவ்வளவு என்பது தெரிந்ததே. கணக்கில் அதன் கால் பங்கு மட்டுமே காணப்படுமாயின், மீதி எவ்வழியே சென்றது என்பதை ஊகிக்க அதிக நேரம் ஆகாது.